பாதியில் நின்ற மராமத்து

சமையலறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. குழாய்க்காரரைக் கூப்பிடுகிறீர்கள். அவரும் வந்து குழாயைக் கழற்றுகிறார். கழற்றிய பிறகு, "அம்மா, இந்த அளவு வாஷர் என்னிடம் இல்லை; கடைக்குப் போய் வாங்கி வந்துவிடுகிறேன்" என்று கிளம்புகிறார். அவர் திரும்பி வருவதற்குள் மாடித் தொட்டித் தண்ணீர் முழுவதும் சமையலறைக்கு வந்துவிடுகிறது! முன்பு ஒரு நாளைக்கு அரை வாளி தண்ணீர்தான் வீணாயிற்று. இப்போது அரிசி மூட்டையே நனைந்து கிடக்கிறது.

அந்த மனிதருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியுமா? நன்றாகத் தெரியும். வேலையை முடித்திருந்தால் குழாய் ஒழுகாது. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் அவர் யோசிக்கவில்லை: "நடுவில் வேலை நின்று போனால் என்ன ஆகும்?"

இந்த வாரம் நான் எழுத நினைத்திருப்பது கம்ப்யூட்டருக்குள் வேலை செய்கிற ஒரு மராமத்துக்காரரைப் பற்றி. 'கம்ப்யூட்டர்' என்றதும் பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குப் போய்விடாதீர்கள், வாசகியரே! உங்கள் பெண்ணின் கல்யாணப் படம், பேரன் முதல் முதலாக நடந்த படம், மறைந்துபோன தாயாரின் கடைசிப் படம் எல்லாம் இப்போது எங்கே இருக்கின்றன? தடித்த அட்டை போட்ட ஆல்பத்திலா? இல்லை. கம்ப்யூட்டரின் தட்டிலோ, நகத்தளவு மெமரி கார்டிலோ இருக்கின்றன. ஆகையால் இது உங்கள் சமாசாரந்தான்.

கிட்டங்கியும் பேரேடும்

அருப்புக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் கிட்டங்கியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக அடுக்குகள். எந்தச் சரக்கு எந்தெந்த அடுக்கில் இருக்கிறது என்று கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறார். எந்த அடுக்கு காலி, எது நிறைந்தது என்பதற்கு இன்னொரு நோட்டு. எந்தப் பெயருக்குப் பேரேட்டில் எந்தப் பக்கம் என்பதற்கு ஓர் அட்டவணை. சரக்கு பத்திரமாகவே இருக்கட்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாவிட்டால் முதலாளி நடுக்கிட்டங்கியில் விழிக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டரின் தட்டும் ஒரு கிட்டங்கிதான். ஒரு படத்தைச் சேமிக்கும்போது அதைச் சிறு சிறு துண்டுகளாக்கி அடுக்குகளில் வைக்கிறார்கள். பிறகு பேரேடு, காலி அடுக்கு நோட்டு, பெயர் அட்டவணை ஆகியவற்றில் எழுதுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் 'ஃபைல் சிஸ்டம்' என்று பெயர். பேரேட்டில் எழுதியாகிவிட்டது, காலி நோட்டில் எழுதப் போகிற சமயம் கரண்ட் போய்விட்டது என்று வையுங்கள். 'இந்த அடுக்கு என்னுடையது' என்கிறது பேரேடு. 'அது காலி' என்கிறது நோட்டு. நாளைக்கு அதே அடுக்கில் வேறொரு படத்தை வைத்துவிட்டால், கல்யாணப் பெண்ணின் முகத்தில் பாதி போய்விடும்.

இதற்குப் பரிகாரமாக, முதலில் ஒரு நாள்வழி நோட்டில் எழுதிவிட்டு அப்புறம் பேரேட்டைத் தொடுவது என்ற வழக்கம் வந்தது. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பில், எக்ஸ்ட்3 என்ற ஃபைல் சிஸ்டத்தின் மூலம் 2001-ஆம் வருஷம் இந்த நாள்வழி சேர்ந்தது. நம் ஊர்ச் செட்டிமார்களும் நாடார்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்ததைத்தான் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்!

இருந்தாலும் நாள்வழி எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. தட்டே பழுதாகலாம், புரோகிராமில் தப்பு இருக்கலாம். அப்போது கூப்பிட வேண்டியவர்தான் நம் மராமத்துக்காரர். அவருக்கு 'எஃப்.எஸ்.சி.கே.' என்று பெயர். ஆளில்லை, அதுவும் ஒரு புரோகிராம். அமெரிக்காவில் பெல் லாபரட்டரியில் டி. ஜே. கோவால்ஸ்கி என்பவர் 1970-களின் கடைசியில் எழுதியது. லினக்ஸ் தட்டுகளுக்கான அதன் வாரிசுக்கு 'இ2 எஃப்.எஸ்.சி.கே.' என்று பெயர். அது கிட்டங்கியை ஐந்து சுற்றுச் சுற்றி வரும். முதல் சுற்றில் பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும். இரண்டில் பெயர் அட்டவணை. மூன்றில் எல்லா அறைக்கும் வழி இருக்கிறதா என்று. நான்கில் ஒரு சரக்குக்கு எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கை. ஐந்தில் காலி அடுக்கு நோட்டு. பெயர் தொலைந்து அனாதையாகக் கிடக்கும் சரக்கை எறிந்துவிடாது. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற தனி அறையில் நம்பர் போட்டு வைக்கும்.

இரண்டு தடவை ஓட்டிப் பார்ப்பது

இவ்வளவு கெட்டிக்காரரின் வேலையை யார் சோதிப்பது? அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. வேண்டுமென்றே விதம் விதமாகப் பழுதாக்கிய தட்டுகளின் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இ2 எஃப்.எஸ்.சி.கே.யில் யாராவது ஒரு திருத்தம் செய்தால், அந்தப் பழுதுத் தட்டுகளின்மேல் அதை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை! முதல் ஓட்டத்தில் பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். இரண்டாவது ஓட்டத்தில் சரி செய்ய எதுவுமே மிச்சம் இருக்கக் கூடாது. பாத்திரம் தேய்த்த பிறகு விரலால் ஒரு தடவை தடவிப் பார்க்கிறீர்களே, அந்த மாதிரி.

பார்த்தால் இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இந்தச் சோதனையில் மராமத்துக்காரர் இரண்டு தடவையும் வேலையை முழுசாக முடித்துவிடுகிறார். பாதியில் நிறுத்தப்பட்ட மராமத்து எப்படி இருக்கும் என்பதை இது காட்டாது. நம் குழாய்க்காரர் கதைதான்.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாகாணத்தில், டெக்ஸாஸ் டெக் சர்வகலாசாலையின் பெரிய கம்ப்யூட்டர் நிலையத்தில் 2016-ஆம் வருஷம் கரண்ட் போயிற்று. திரும்பி வந்ததும் மராமத்துப் புரோகிராமை ஓட்டினார்கள். அத்தனை பெரிய கிட்டங்கியைச் சுற்றி வர நாட்கணக்கில் ஆகலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தடவையாகக் கரண்ட் போயிற்று! பல வாரம் மனிதர்கள் உட்கார்ந்து கையால் தேடி எடுத்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. சில முக்கியமான விவரங்கள் போனது போனதுதான். முதல் மின்வெட்டில் பட்ட அடியைவிட, இரண்டாவது மின்வெட்டில், வைத்தியம் நடந்துகொண்டிருந்தபோது பட்ட அடி பலமாகிவிட்டது.

கரையை வெட்டுமுன் மண்

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு டெக்ஸாஸ் கண்ணில் தெரியவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியிலுள்ள கண்மாய்கள்தான் தெரிந்தன. ரமண மகரிஷி பிறந்த ஊர் அல்லவா திருச்சுழி? அந்தப் பக்கம் முழுவதும் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கண்மாயில் தங்கினால்தான் சோறு. ஆகவே கண்மாயை மராமத்துச் செய்வது அங்கே பொழுதுபோக்கு அல்ல, வயிற்றுப்பாடு. ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து என்ற பழக்கத்தை அந்நாளைய வெள்ளைக்காரச் சர்க்காரே 1858-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஏற்றுக்கொண்டது.

கண்மாய் மடை பழுதாகிவிட்டால் கரையை வெட்டித்தான் புதிய மடை வைக்க வேண்டும். வெட்டிய கரை திறந்து கிடக்கும்போது ஒரு கோடை மழை அடித்துவிட்டால்? பழைய மடையில் கசிந்தது ஒரு வாய்க்கால் தண்ணீர். வெட்டிய வாய் வழியாகப் போவது கண்மாய்த் தண்ணீர் முழுவதும். ஆகவே அநுபவஸ்தர்கள் கரையில் மண்வெட்டியை வைக்குமுன், அடைப்பதற்கு வேண்டிய மண்ணைப் பக்கத்தில் கொண்டுவந்து குவித்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். 'முதலில் வெட்டு, மண் அப்புறம் வரும்' என்று சொல்கிறவன் கையில் மண்வெட்டியைக் கொடுக்கக் கூடாது.

மராமத்துப் புரோகிராமைத் திருத்தியவர்கள் கண்டுபிடித்ததும் இதுதான்.

ஓம் ரமேஷ்வர் கட்லா, முகம்மது ஹமீத், மாய் ஷெங் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2018-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். முதலிருவரும் நியூ மெக்ஸிகோ ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் செய்த காரியம் ரொம்ப எளிது. ஆனால் எளிதில் யாருக்கும் தோன்றாதது. அதே பழுதுத் தட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். மராமத்தை ஓடவிட்டு, வெவ்வேறு இடங்களில் கரண்ட் போனாற்போல் சட்டென்று நிறுத்தினார்கள். பிறகு மறுபடி மராமத்தை முழுசாக ஓட்டினார்கள். இப்போதாவது தட்டு சரியாகிவிட்டதா? பல தட்டுகளில் ஆகவில்லை! தடங்கலில்லாமல் ஓடினால் சரியாகிற தட்டு, நடுவில் ஒருமுறை நிறுத்திவிட்டால், அப்புறம் எத்தனை வைத்தியம் செய்தும் தேறவில்லை. எக்ஸ்.எஃப்.எஸ். என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் மராமத்துப் புரோகிராமிலும் இதே கதைதான்.

சின்னத் திருத்தம், பெரிய கேள்விகள்

இ2 எஃப்.எஸ்.சி.கே.யில் ஒரு பாதுகாப்பு முன்னமேயே இருந்தது. பேரேட்டின் எந்தப் பக்கத்தைத் திருத்தினாலும், அதற்கு முன் பழைய பக்கத்தை ஒரு தனி நோட்டில் நகல் எடுத்துக்கொள்ளும்படி சொல்லலாம். காரியம் கெட்டுப் போனால் அந்த நகலைக் கொண்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். 'அன்டூ' நோட்டு என்று அதற்குப் பெயர். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு குணம் உண்டு. 'எழுது' என்று சொன்னால் 'எழுதியாயிற்று' என்று உடனே பதில் சொல்லிவிடும். நிஜத்தில் அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, தனக்குச் சௌகரியப்பட்ட வரிசையில் அப்புறந்தான் தட்டில் எழுதும். கடைக்குப் போகிற பையனிடம், "முதலில் பாங்கில் பணம் கட்டு, அப்புறம் காய்கறி வாங்கு" என்று சொன்னால், மார்க்கெட் கிட்டத்தில் இருக்கிறதென்று முதலில் காய்கறியை வாங்குவானே, அந்த மாதிரி. இரண்டும் நடந்து முடிந்தால் ஒன்றும் மோசமில்லை. நடுவில் மழை வந்துவிட்டால்தான் பாங்கு போயிற்று! பேரேடு திருத்தப்பட்டுவிட்டது, பழைய பக்கத்தின் நகல் இன்னும் நோட்டில் ஏறவில்லை. அந்த நிமிஷத்தில் கரண்ட் போனால் திரும்பிப் போக வழியில்லை. கரையை வெட்டியாகிவிட்டது, மண் இன்னும் வண்டியில் இருக்கிறது.

இதற்கு ஆராய்ச்சியாளர்கள் முதலில் செய்து பார்த்த திருத்தம் ரொம்பச் சின்னது. 'நோட்டில் எழுதியது நிஜமாகத் தட்டில் ஏறிவிட்டது என்று தெரியும்வரை அடுத்த வேலையைத் தொடாதே' என்பதுதான் அதன் சாரம்.

இப்போது உங்களையே பரிசோதகராக வைத்துக்கொள்ளுங்கள், வாசகியரே. இந்தத் திருத்தம் உங்கள் முன்னால் வருகிறது. கையெழுத்துப் போடுவீர்களா?

"வியாதி தீருகிறதா?" என்று முதலில் கேட்பீர்கள். தீருகிறது; வரிசை காப்பாற்றப்படுகிறது. "பக்க விளைவு என்ன?" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு பக்கத்துக்கும் தட்டு சுழன்று எழுதி முடிக்கும்வரை காத்திருந்தால் மராமத்து இழுத்துக்கொண்டே போகும். முன்னமே நாள்கணக்கில் ஆகிற வேலை! நேரம் நீள நீள, நடுவில் இன்னொரு மின்வெட்டு வருவதற்கும் வாய்ப்பு அதிகம். ஆகையால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. திருத்த வேண்டியதையெல்லாம் முதலில் கட்டுக் கட்டாக ஒரு தனி நோட்டில் எழுதுவது. ஒரு கட்டு முழுசாக ஏறியது நிச்சயமான பிறகே பேரேட்டைத் தொடுவது. நடுவில் நின்றுபோனால், நோட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து செய்து முடிப்பது என்று வேறு ஒரு முறையை அமைத்தார்கள். ஒவ்வொரு கூடை மண்ணுக்கும் வண்டியை எதிர்பார்க்காமல், வேண்டிய மண்ணை மொத்தமாகக் கரையில் குவித்துக்கொண்டு வெட்டத் தொடங்குவது போல.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "எந்தச் சாட்சியை நம்பி இந்தத் திருத்தம் நடக்கிறது?" அமெரிக்காவில் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஹர்யாதி குணாவி, அபிஷேக் ராஜிம்வாலே, ஆண்ட்ரியா, ரெம்ஸி அர்பாசி-டுஸோ தம்பதி ஆகியோர் 2008-ஆம் வருஷம் இதைக் கவனித்தார்கள். இ2 எஃப்.எஸ்.சி.கே. சில சமயம் ஒரு விவரம் சரியா என்று பார்க்குமுன்பே அதை நம்பி இன்னொன்றைத் திருத்திவிடுகிறது என்று காட்டினார்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாவில் அறுந்த இழையை முடிவது சுலபம். ஆனால் அச்சில் அது எந்தக் கண்ணுக்குரியது என்று பார்க்காமல் பக்கத்துக் கண்ணில் கோத்துவிட்டால் சேலை நெடுகிலும் கோடு விழும். இழை அறுந்ததைவிட, தப்பாகக் கோத்ததால் வந்த நஷ்டம் அதிகம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே அடுக்கைப் பேரேட்டின் இரண்டு பக்கங்கள் தன்னுடையது என்றால், நம் மராமத்துக்காரர் சமரசமாக அந்தச் சரக்குக்கு ஒரு நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் மாமியார் தம் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தின் நகல் மருமகளின் பெட்டியில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? இரகசியம் இரகசியமாக இராது!

லினக்ஸ் உலகத்தில் இப்படிப் பார்த்துத் திருப்திப்பட்டவர் 'ரிவ்யூட் பை' என்று தம் பெயரைத் திருத்தத்தின் கீழே போடுகிறார். அந்தக் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'நான் ஊன்றிப் பார்த்தேன். என் சந்தேகங்களைக் கேட்டேன். இது சரியென்று நம்புகிறேன். ஆனால் எல்லாச் சந்தர்ப்பத்திலும் சரியாக வேலை செய்யும் என்று உத்தரவாதம் கொடுக்கவில்லை' என்பதுதான் சாரம். தட்டிக் கழிப்பது போல் தோன்றினாலும், யோசித்துப் பார்த்தால் யோக்கியமான பேச்சு. உத்தரவாதம் இல்லை என்பதை அவர்களே சொல்லிவிட்டபடியால், மிச்ச ஜாக்கிரதை நம்முடையது.

நாம் செய்ய வேண்டியது

அருப்புக்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்கு உங்கள் உறவுக்காரப் பெண் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று வையுங்கள். "அண்ணாச்சி, வளைகாப்புப் படம் ஒண்ணும் தெரியலை, ரிப்பேர் பண்ணிக் கொடுங்க" என்கிறாள். விஷயம் தெரிந்த அண்ணாச்சி உடனே ரிப்பேரில் இறங்கமாட்டார். "இரும்மா, முதல்லே கார்டை அப்படியே ஒரு நகல் எடுத்துக்கிறேன். ரிப்பேரை நகல்லே பண்ணிப் பார்ப்போம்" என்பார். அப்படிச் சொல்கிறவரிடம் தைரியமாகக் கார்டைக் கொடுக்கலாம். நகல் எடுக்காமல் நேரே அசலில் கை வைக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

வீட்டிலும் சில விஷயங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் திறக்கும்போது 'தட்டைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்' என்று திரையில் வந்தால், நேரமாகிறதே என்று ஸ்விட்சை அணைக்காதீர்கள். அதுதான் கரை வெட்டிக் கிடக்கிற நேரம். மின்வெட்டு அடிக்கடி வருகிற ஊராயிருந்தால், யு.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். மடிக் கம்ப்யூட்டராயிருந்தால் சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

கார்டைச் செருகியதும் 'சரி செய்யட்டுமா?' என்று கேட்டால், படங்கள் கண்ணுக்குத் தெரிகிறவரையில் முதலில் அவற்றை வேறிடத்துக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். அது மராமத்தே அல்ல; பழைய பேரேட்டை ஒதுக்கிவிட்டுப் புதுப் பேரேடு போடுவது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் மராமத்து முடிந்த பிறகு 'ஃபவுண்ட்' என்ற பெயரோடு பூஜ்யம் பூஜ்யமாக நம்பர் போட்ட ஒரு பை முளைத்திருந்தால், குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அதற்குள் பெயரிழந்த உங்கள் படங்கள் இருக்கக்கூடும். பெயர்தான் போயிருக்கும், முகம் அப்படியே இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் திரும்பி வராத படங்களுக்கு இரண்டாவது பிரதி ஒன்று வேறொரு தட்டில் இருக்கட்டும். அந்தத் தட்டும் வேறு வீட்டில் இருந்தால் ரொம்ப நல்லது. தங்கை வீட்டில் உங்கள் படங்களும், உங்கள் வீட்டில் தங்கையின் படங்களும் இருக்கலாமே. மின்வெட்டு இரண்டு வீட்டிலும் வரும். ஆனால் இரண்டு தட்டும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம்.

தீபாவளிக்குப் பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்கு வருகிறபோது, பட்சணத் தட்டை அவர்கள் முன் வைப்பதற்கு முன்னால், செல்போனிலிருக்கும் படங்களை இன்னொரு தட்டுக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். முறுக்குக்காகவாவது செய்துவிடுவார்கள்.